ஆழ்கடலுக்குப் போகிற பாய்மரப் படகில் எதைப் பார்த்து வாங்குவது?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். மனைவியோடு சேர்ந்து மலேசியாவின் லங்காவித் தீவில் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கி, அந்தமான் கடலையும் வங்காள விரிகுடாவின் தென்பகுதியையும் தாண்டி இலங்கை வரைக்கும் போக வேண்டும், முடிந்தால் அதற்கு மேலும் போக வேண்டும் என்று ஆசை. 33 அடியிலிருந்து 40 அடிக்குள் தேடுகிறார். விளம்பரங்களில் எல்லாப் படகுக்கும் ‘ஆழ்கடலுக்கு ஏற்றது’ என்றே போட்டிருக்கிறார்கள், உண்மையில் எதை வைத்துச் சொல்வது என்பது அவருடைய கேள்வி. கேட்டமரான், அதாவது இரட்டை உடல் படகு, சரிப்படுமா என்றும் கேட்டு, தன்னால் முடிகிற தொகையையும் சொல்லியிருக்கிறார்.

இரண்டு பேர் மூன்று நாளாகச் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டு கிடக்கும்போதும், தன்னையும் உள்ளே இருப்பவர்களையும் பார்த்துக்கொள்கிற படகுதான் ஆழ்கடல் படகு. வேகம், இடவசதி, அழகு எல்லாம் அதற்கு அப்புறம். கரையோரமாக ஓட்டுகிறவர் வானிலை கெட்டால் பக்கத்துத் துறைமுகத்துக்குள் போய்விடலாம். லங்காவியிலிருந்து திருகோணமலைக்கு 1,100 கடல் மைலுக்கு மேல். உங்கள் அளவுப் படகு ஒரு நாளைக்கு 120 மைல் போனாலே நல்ல ஓட்டம். அப்படியென்றால் ஒன்பது, பத்து நாள். ஐந்தாவது நாள் வானம் கறுத்தால் எங்கும் ஓட முடியாது. கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் அந்த ஐந்தாவது நாளை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் கவிழ்வது பற்றி. 1979 ஆகஸ்டில் நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயத்தைத் தெரிந்துகொள்ளாமல் இதைப் பேச முடியாது. இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து புறப்பட்டு, அயர்லாந்துக்குத் தெற்கே கடலில் நிற்கும் ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றித் திரும்ப வேண்டும். 303 படகுகள் கிளம்பின. நடுவழியில் புயல் பிடித்துக்கொண்டது. போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். 24 படகுகளை ஆட்கள் கைவிட்டு இறங்கினார்கள். அந்த 24-ல் மூழ்கியவை ஐந்துதான். மற்ற 19 படகுகளும் பிற்பாடு மிதந்தபடியே கிடைத்தன. உயிர்காப்புத் தெப்பத்தில் ஏறியவர்களில் சிலர் இறந்துபோக, அவர்கள் விட்டு வந்த படகு மிதந்துகொண்டிருந்தது. படகு காலடியிலிருந்து மூழ்கினால்தான் தெப்பத்தில் ஏற வேண்டும் என்று இன்று சொல்லித்தருவதற்கு அந்த இரவுதான் காரணம்.

அந்தப் பந்தயத்தின் மிகச் சிறிய படகுகளின் பிரிவில் 58 கிளம்பி, ஒன்றே ஒன்றுதான் முடித்தது. அசென்ட் என்ற பெயருள்ள கான்டெஸ்ஸா 32. டேவிட் சாட்லர் வரைந்து, லிமிங்டனில் ஜெரமி ராஜர்ஸ் கட்டிய வகை. நீளம் 32 அடி, அகலம் ஒன்பதரை அடிதான். மொத்த எடை சுமார் 4.3 டன், அதில் 2 டன்னுக்கு மேல், படகின் அடியில் நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கீல் என்ற பகுதியில் பாரமாக இருக்கிறது. பந்தயத்துக்குப் பிறகு நடந்த விசாரணையின்போது இந்தப் படகின் நிலைத்தன்மையையும் அந்தக் காலத்து அகலமான, லேசான ஒரு பந்தயப் படகின் நிலைத்தன்மையையும் கணக்கிட்டு ஒப்பிட்டார்கள். பந்தயப் படகு 120 டிகிரி சாய்வதற்குள்ளேயே எழும் சக்தியை இழந்துவிடுகிறது. கான்டெஸ்ஸாவுக்கு அந்தக் கோணம் சுமார் 155.

இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று புரிந்துகொள்ளுங்கள். தலையாட்டி பொம்மையை எப்படித் தள்ளினாலும் எழுந்துவிடும். படகு அப்படியில்லை. ஒவ்வொரு படகுக்கும் ஒரு கோணம் உண்டு. அதுவரை சாய்ந்தால் நிமிரும், அதைத் தாண்டினால் தலைகீழாகக் கவிழ்ந்து அந்த நிலையிலேயே நிற்கப் பார்க்கும். அகலத்தால் கிடைக்கும் உறுதி முதல் 30, 40 டிகிரிக்குப் பிரமாதமாக வேலை செய்யும். துறைமுகத்தில் ஏறி நின்றால் அசையாது, கண்காட்சியில் வாங்குகிறவருக்குப் பிடித்துப்போகும். ஆனால் கவிழ்ந்துவிட்டால் அதே அகலம் தலைகீழாகவும் உறுதியாக நிற்க வைக்கும். அடியில் ஆழமாகத் தொங்கும் பாரத்தால் கிடைக்கும் உறுதி நேர் எதிர். ஆரம்பத்தில் படகு சட்டென்று சாயும், புதிதாக ஏறுகிறவர் பயப்படுவார்; சாயச் சாய எதிர்ப்பு கூடிக்கொண்டே போகும். எழும் கோணம் 155 என்றால் தலைகீழாக நிற்கும் எல்லை மிகக் குறுகலானது, அடுத்த அலையே தட்டி நிமிர்த்திவிடும். 120-க்குக் கீழே என்றால் உள்ளே தண்ணீர் புகுந்துகொண்டிருக்க, நிமிடக்கணக்கில் தலைகீழாக மிதக்க நேரலாம்.

காற்று மட்டும் படகைக் கவிழ்ப்பது அரிது. உடைந்து விழும் அலை பக்கவாட்டில் அடிப்பதுதான் கவிழ்க்கிறது. தொட்டியில் மாதிரிகளை வைத்துச் செய்த சோதனைகளில், படகின் நீளத்தில் சுமார் 30 சதவீத உயரமுள்ள உடையும் அலை பக்கவாட்டில் அடித்தாலே சில படகுகள் கவிழ்ந்தன. 60 சதவீதம் என்றால் எந்த வடிவமும் தப்பவில்லை. பத்து மீட்டர் படகுக்கு அது 3 மீட்டர், 6 மீட்டர். ஆகவே கவிழாத படகு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்னொன்று பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும்: பாய்மரம் ஒடிந்த படகு முன்னைவிட எளிதாக உருளும். உயரத்தில் இருக்கும் அந்த எடைதான் அலையின் திடீர் அடியை மெதுவாக்கிக்கொண்டிருந்தது.

விற்பவரிடம் கேட்க வேண்டிய எண்கள் இரண்டு. ஒன்று, இப்போது சொன்ன எழும் கோணம். இது 120-க்குக் கீழே இருந்தால் அந்தப் படகில் ஐந்தாவது நாளைக் கழிக்க எனக்கு மனம் வராது. 130-க்கு மேலே என்றால் நிம்மதி. இரண்டாவது, ஃபாஸ்ட்நெட்டுக்குப் பிறகு அமெரிக்காவில் உருவாக்கிய ஒரு சின்னக் கணக்கு. படகின் எடையைப் பவுண்டில் எடுத்து 64-ஆல் வகுத்து, அதற்குக் கனமூலம் காணுங்கள். படகின் அகலத்தை அடியில் எடுத்து அந்த எண்ணால் வகுங்கள். விடை 2-க்குக் கீழே இருக்க வேண்டும். கான்டெஸ்ஸா 32-க்கு 1.8 வரும். இந்தக் கணக்கில் பெரிய ஓட்டை உண்டு: எடை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அத்தனை பாரத்தையும் பாய்மரத்தின் உச்சியில் வைத்தாலும் அதே விடைதான் வரும். மோசமான படகை ஒதுக்குவதற்கு உதவும், நல்ல படகைக் கண்டுபிடிக்க உதவாது.

ஐரோப்பியச் சான்றிதழில் ‘ஏ’ வகை, அதாவது பெருங்கடல் வகை என்று போட்டிருப்பதைக் காட்டுவார்கள். காற்றின் வேகத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 8-க்கு மேற்பட்ட காற்று, 4 மீட்டருக்கு மேற்பட்ட அலை என்பது அதன் வரையறை. அது நுழைவு மதிப்பெண் மாதிரிதான். எழும் கோணம் 100 டிகிரியை ஒட்டி இருந்தாலும் கனமான படகு அந்தச் சான்றிதழை வாங்கிவிட முடியும். மேலும் சான்றிதழ் வாங்கியபோது படகின் பின்னால் இரும்புச் சட்டம், அதன்மேல் சோலார் பேனல், பாய்மரத்தில் ரேடார், தொங்கலில் ரப்பர் படகு, அதற்கு மோட்டார் என்று எதுவும் இருந்திருக்காது. உயரத்தில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் அந்தக் கோணத்தைக் குறைக்கிறது. பழைய படகில் முதல் வேலையாக மேலே இருப்பதைக் கழற்றுங்கள்.

எடைக்கு வருவோம். நீண்ட பயணத்தில் இரண்டு பேருக்குத் தண்ணீர், டீசல், அரிசி பருப்பு, கருவிகள், உதிரிப் பாகங்கள், கூடுதல் பாய்கள், நங்கூரச் சங்கிலி எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை டன் சாதாரணமாக வந்துவிடும். 10 மில்லிமீட்டர் சங்கிலி மட்டும் 60 மீட்டர் என்றால் 130 கிலோவுக்கு மேல், அதுவும் படகின் மூக்கில். ஐந்து டன் படகில் ஒன்றரை டன் ஏற்றினால் அது வேறு படகாகிவிடும்: நீர்மட்டக் கோடு மூழ்கும், மூக்கு அலையில் குத்தும், வடிவமைத்தவர் கணக்குப் போட்ட வேகம் போய்விடும். எட்டு டன் படகுக்கு அதே சுமை பெரிதாகத் தெரியாது. கனமான படகை ‘மந்தம்’ என்று பழிப்பார்கள். உண்மையில், நீரில் படும் நீளம் 27 அடி என்றால், கனமோ லேசோ, சுமை ஏற்றிய சாதாரணப் படகு சுமார் 7 நாட், அதாவது மணிக்கு 7 கடல் மைல் வேகத்தைத் தாண்டுவது கஷ்டம். படகு எழுப்பும் அலையே அதைப் பிடித்துவைக்கும். காற்று குறைந்த நாட்களில் கனமான படகு பின்தங்கும் என்பது நிஜம். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்கிற மார்ச், ஏப்ரலில் அந்தமான் கடலில் அது உங்களுக்கு நன்றாகவே தெரியும். அலை எழுந்த பிறகு கதை வேறு. லேசான, தட்டையான அடிப்பகுதியுள்ள படகு ஒவ்வொரு அலையிலும் ‘டம்’ என்று விழும். உள்ளே இருப்பவருக்குப் பல் ஆடும், தூக்கம் வராது. மிதமான அகலமும் ஆழமான அடிப்பகுதியும் உள்ள கனமான படகு அலையில் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். தூங்க முடிந்தால்தான் சரியாக முடிவெடுக்க முடியும், அதனால் இதைச் சொகுசு என்று நினைக்காதீர்கள்.

இதற்காக உங்களைக் கான்டெஸ்ஸா 32 வாங்கச் சொல்லவில்லை. உள்ளே இடம் குறைவு, மேல்தளத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்கும், இரண்டு பேர் மாதக்கணக்கில் வாழ்வது சிரமம். அதே குணத்தைக் கொஞ்சம் பெரிய உடம்பில் பார்க்க வேண்டுமானால் ரஸ்ட்லர் 36 இருக்கிறது. 2018-ல் தொடங்கிய கோல்டன் குளோப் பந்தயத்தில், தனியாளாக நிற்காமல் உலகைச் சுற்றி வந்தவர்களில் முதல் மூன்று பேரும் ஓட்டியது இந்தப் படகைத்தான். அடுத்த பந்தயத்தில் இந்தியக் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமி 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்ததும் இதில்தான். ஆசியப் பக்கம் அதிகம் கிடைப்பவை, தைவானில் கட்டிய டயானா 37 மாதிரியான படகுகள். ராபர்ட் பெர்ரி வரைந்தது; கனம், நீளமான கீல், நல்ல மரவேலை. அந்த மரவேலையின் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

கீலும் சுக்கானும் இருக்கும் விதம்தான் அடுத்தது. கீல் படகின் உடலோடு ஒரே வார்ப்பாக இருக்கலாம், அல்லது தனியாக வார்த்து போல்ட் போட்டுப் பொருத்தியிருக்கலாம். இரண்டாவது வகை தவறல்ல. நல்ல படகுகள் பலவும் அப்படித்தான். ஆனால் அடிபட்டால் தெரியாமல் சேதமாவது அந்த வகைதான். 2014 மே மாதம் கரீபியனிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த சீக்கி ராஃபிக்கி என்ற 40 அடிப் படகு அட்லாண்டிக் நடுவே கீலை இழந்து கவிழ்ந்தது. நான்கு பேர் இறந்தார்கள். படகு தலைகீழாகக் கிடைத்தபோது உயிர்காப்புத் தெப்பம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. எடுக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. முன்பு தரைதட்டியதும் அதற்குப் பிறகு செய்த பழுதுபார்ப்பும் சேர்ந்து கீல் பொருந்தும் இடத்தைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்றது பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை. ஆகவே போல்ட் போட்ட கீல் என்றால் ‘எப்போதாவது தரைதட்டியதா’ என்று கேளுங்கள். அப்புறம் பதிலை நம்பாமல் உள்ளே தரைப்பலகையைத் தூக்கி, கீலின் பின்முனைக்கு நேர் மேலே இருக்கும் குறுக்கு விட்டங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். கீலின் முன்பக்கம் தரையில் மோதும்போது அதன் பின்முனைதான் மேல்நோக்கிக் குத்தும்.

சுக்கானில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சுக்கானுக்கு முன்னால் படகின் அடியோடு சேர்ந்து அதைத் தாங்கும் ஒரு பகுதி, ஸ்கெக் என்பார்கள், அல்லது நீளமான கீலின் பின்முனையிலேயே சுக்கானைத் தொங்கவிட்டிருப்பது. இந்த இரண்டில் ஒன்றைத்தான் ஆழ்கடலுக்குத் தேர்வு செய்வேன். தனியாகத் தொங்கும் சுக்கான் லேசாகத் திரும்பும், துறைமுகத்துக்குள் ஓட்டச் சுகமாக இருக்கும். ஆனால் மிதக்கும் மரக்கட்டையோ வலையோ நேராக அதில்தான் மோதும். மலாக்கா ஜலசந்தியின் வடமுனையில் கட்டைகளுக்கும் வலைகளுக்கும் பஞ்சமில்லை. 2020-லிருந்து ஸ்பெயின், போர்ச்சுகல் கரையோரம் ஓர்கா திமிங்கிலங்கள் பாய்மரப் படகுகளின் சுக்கானைக் குறிவைத்து முட்டி உடைப்பதும் சில படகுகள் மூழ்கியதும் நடந்திருக்கிறது; சுக்கான் தண்டு உடலுக்குள் நுழையும் துளை எவ்வளவு பலவீனமான இடம் என்று அது காட்டுகிறது. எந்த வகையாக இருந்தாலும், சுக்கான் போய்விட்டால் எப்படித் திருப்புவது என்பதற்கு ஒரு ஏற்பாடு கரையிலேயே செய்து, ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

நீளமான கீலின் இன்னொரு குணம் நேராகப் போவது. 1968 ஜூனில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் கிளம்பி, 312 நாட்களில் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் ஆளாகத் திரும்பினாரே, அவருடைய சுஹைலி பம்பாயில் தேக்கில் கட்டிய 32 அடிப் படகு. ஆஸ்திரேலியாவைத் தாண்டும் முன்பே அதன் தானியங்கிச் சுக்கான் அமைப்பு உடைந்து பயனற்றுப் போனது. பிறகு பசிபிக் முழுவதையும் அட்லாண்டிக்கையும், பாய்களை இப்படி அப்படிச் சமன் செய்து படகைத் தன் போக்கில் விட்டே கடந்தார். அப்படி ஒரு படகில் ஆள் தூங்கலாம்.

இரண்டு பேர் மட்டும் போகும்போது படகை ஓட்டும் மூன்றாவது ஆள் தானியங்கிச் சுக்கான்தான். மின்சாரத்தில் ஓடுவது ஒன்று, காற்றின் திசையை ஒரு பலகை உணர்ந்து இயந்திர விசையால் திருப்பும் விண்ட்வேன் ஒன்று. இரண்டும் வேண்டும். மின்சார வகை காற்றில்லாதபோது, எஞ்சின் ஓடும்போது உதவும். காற்று ஏற ஏற விண்ட்வேனின் பலமும் ஏறும், பேட்டரியும் தேவையில்லை. ஹைட்ரோவேன் மாதிரி தனக்கென்று சொந்தச் சுக்கான் உள்ள வகையை வாங்கினால் மாற்றுச் சுக்கானும் அதிலேயே கிடைத்துவிடும். பழைய படகின் பின்புறத்தில் ஏற்கனவே ஒரு நல்ல விண்ட்வேன் மாட்டியிருந்தால், அந்த உரிமையாளர் நிஜமாகவே தூரம் போனவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பாய் அமைப்பில் கட்டர் வகை எனக்குப் பிடிக்கும்: முன்னால் இரண்டு பாய்கள். காற்று ஏறினால் வெளிப்பாயைச் சுருட்டிவிட்டு உள்பாயோடு போகலாம். படகின் பாரம் நடுவில் நிற்கும், சுக்கான் சமநிலை கெடாது. சுருட்டும் பாயைப் பாதி சுருட்டிக் கடும்காற்றில் ஓட்டுவது வடிவம் கெட்ட பாயில் ஓட்டுவது. அது சாய்க்கும், முன்னே தள்ளாது. காற்று ஏறும்போது பெரிய பாயை மடித்துக் குறைக்க மூன்று மடிப்புக்கு வசதி இருக்கிறதா, மூன்றாவது மடிப்பை இருட்டில் ஒருவரே போட முடியுமா என்று துறைமுகத்திலேயே செய்து பாருங்கள்.

பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகளில்தான் பல பயணங்கள் முடிந்துபோகின்றன. 2018 நவம்பரில் தென் பசிபிக்கில் ஜான்-லூக் வான் டென் ஹீட் ஓட்டிய ரஸ்ட்லர் 36-ஐ அலை புரட்டிப் போட்டது. படகு எழுந்துவிட்டது. ஆனால் கீழ்க்கம்பிகளைப் பாய்மரத்தோடு பிணைக்கும் பொருத்தி சில சென்டிமீட்டர் கீழே இழுத்துக்கொண்டு இறங்கி, மரத்தின் சுவரைக் கிழித்துவிட்டது. 73 வயதில் மேலே ஏறி, கயிற்றால் கட்டி, பாயைக் குறைத்து ஓட்டி, 2019 ஜனவரியில் முதலாவதாக வந்து சேர்ந்தார். அந்தக் கம்பிகள் டெக்கைத் துளைத்து உள்ளே இறங்கி உடலோடு சேரும் பட்டைகளைச் சங்கிலித்தட்டு என்பார்கள். லங்காவியில் படகு பார்க்கப் போகும்போது ஒரு டார்ச்சும் ஒரு பூதக்கண்ணாடியும் கையில் இருக்கட்டும். பட்டை டெக்கைத் தாண்டும் இடத்தில், மேலே பளபளப்பாக இருக்கும் எஃகு, உள்ளே அலமாரிக்குப் பின்னால் பழுப்பாக ஒரு கோடு வடித்திருந்தால் நில்லுங்கள். காற்றுப் படாமல் உப்புநீர் மட்டும் தேங்கும் இடுக்கில் துருப்பிடிக்காத எஃகும் உள்ளுக்குள் அரிக்கும். மேலே கைவிரலால் தடவினால் வழவழப்பாக இருக்கும், கழற்றினால் பாதிக் கனம்கூட மிஞ்சியிருக்காது. கம்பிகள் பத்து வருடத்துக்கு மேல் பழசு என்றால் கண்ணுக்கு எப்படித் தெரிந்தாலும் மாற்றும் செலவை விலையில் கழித்துவிடுங்கள். காப்பீட்டுக்காரர்களும் பொதுவாக அதைத்தான் கேட்பார்கள்.

படகை ஓட்டுகிறவர் உட்காரும் திறந்த பள்ளமான காக்பிட் சின்னதாக இருப்பதே நல்லது. ஒரு கனமீட்டர் தண்ணீர் ஒரு டன். பெரிய காக்பிட்டில் ஒரு அலை நிரம்பினால் படகின் பின்புறத்தில் ஒன்றிரண்டு டன் உட்கார்ந்திருக்கும், அடுத்த அலை வருவதற்குள் வடிய வேண்டும். வடிகால் துளைகளின் விட்டத்தைப் பாருங்கள். விரல் நுழைகிற துளை போதாது. பின்பக்கம் முழுக்கத் திறந்த புதிய வகைப் படகுகளில் தண்ணீர் உடனே ஓடிவிடும் என்பது உண்மைதான், ஆனால் இரவில் அந்தத் திறப்பு வழியாக ஆளும் போகலாம்.

அதோடு ஒட்டியது உள்ளே இறங்கும் வாசல். காக்பிட் தரைக்கும் வாசலுக்கும் நடுவே இருக்கை உயரத்துக்கு ஒரு தடுப்பு இருக்க வேண்டும். வாசலை மூடும் பலகைகள் இரண்டு மூன்று துண்டுகளாக மேலிருந்து பள்ளத்தில் இறக்குவது. பள்ளம் கீழே குறுகி, மேலே அகலமாக இருந்தால் இறக்குவது சுலபம், ஆனால் படகு தலைகீழானால் பலகை கொஞ்சம் நழுவினாலே விடுபட்டு விழுந்துவிடும். 1979-ல் பல படகுகளில் அதுதான் நடந்தது. ஒவ்வொரு பலகையிலும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பூட்டக்கூடிய ஒரு தாழ்ப்பாளும், படகோடு கட்டிய ஒரு கயிறும் வேண்டும். பெரிய செலவில்லாத வேலை. விற்பனைக்கு நிற்கும் படகுகளில் இதைச் செய்திருப்பவை குறைவு.

உள்ளே எதைப் பார்ப்பது என்று கேட்டால், படுக்கையைத்தான் முதலில் சொல்வேன். மூக்கில் இருக்கும் அகலமான இரட்டைப் படுக்கை துறைமுகத்துக்கு மட்டும்தான். கடலில் அது உங்களைக் கூரைக்குத் தூக்கி எறியும். படகின் நடுப்பகுதியில், இரண்டு அடி அகலத்துக்கு மேல் போகாத, ஆள் உருளாமல் இருக்கப் பக்கத்தில் துணித்தடுப்பு கட்டக்கூடிய படுக்கை, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வேண்டும். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தாழ்ந்த பக்கத்தில் ஒருவர் தூங்க வேண்டும் அல்லவா. அடுப்பு சாய்வுக்கு ஏற்ப ஆட வேண்டும், அதன் முன்னால் ஆளைத் தடுக்கும் கம்பி வேண்டும், சமைப்பவர் முதுகை ஊன்றிக்கொள்ள ஏதாவது வேண்டும். வாசலிலிருந்து மூக்கு வரை கைவிட்டுக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டே போக முடிகிறதா என்று கண்ணை மூடி நடந்து பாருங்கள். பெரிய ஹால் மாதிரி திறந்த உள்பகுதி படத்தில் அழகு. அலையில் அதைக் குறுக்கே கடப்பவர் விலா எலும்பை உடைத்துக்கொள்வார். பேட்டரி, அடுப்பு, தரைப்பலகை, கருவிப்பெட்டி, படகு தலைகீழானால் இவை எங்கே போகும் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். போகக்கூடாது, திருகிக் கட்டியிருக்க வேண்டும்.

கட்டுமானப் பொருளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். எஃகு பலமானது, ஆனால் உள்ளிருந்து துருப்பிடிக்கும். அலுமினியம் அருமை, விலை அதிகம், தவறான மின்னிணைப்பு அதைத் தின்றுவிடும். உங்கள் பட்ஜெட்டில் ஃபைபர்தான் கிடைக்கும். மரமும் குறைந்ததல்ல: கோவாவின் திவார் தீவில் மரத்தை நடுவில் வைத்து ஃபைபர் போர்த்திக் கட்டிய மாதே, தாரிணி என்ற 17 மீட்டர் கடற்படைப் படகுகள் உலகைச் சுற்றியவை. 2024 அக்டோபர் முதல் 2025 மே வரை புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா என்ற இரண்டு கடற்படை அதிகாரிகள் மட்டுமே தாரிணியில், தென் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் ஹார்ன் முனையையும் சுற்றி 25,000 கடல் மைலுக்கு மேல் போய்த் திரும்பினார்கள். இரண்டு பேருக்கான படகு என்றால் என்ன என்பதை யோசிக்கிற எவருக்கும் அந்தப் பயணம் நல்ல உதாரணம்.

கேட்டமரான் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சாயாது, இடம் நிறைய, வேகம் உண்டு, பாரம் இல்லாததால் பெரும்பாலும் மூழ்காது. ஆனால் கவிழ்ந்தால் நிமிராது, சுமை ஏற்றினால் குணம் கெட்டுவிடும், உங்கள் விலைக்குள் ஆழ்கடலுக்கு நம்பி எடுக்கக்கூடிய நீளத்தில் கிடைப்பது கடினம். நீங்கள் சொன்ன தொகைக்கு ஒற்றை உடல் படகுதான் என் பதில்.

லங்காவி வரிவிலக்குத் தீவு. உலகம் சுற்ற வந்தவர்கள் படகை விற்றுவிட்டு வீடு திரும்பும் இடங்களில் ஒன்று. அதனால் நல்ல படகுகள் வருகின்றன, வெயிலில் வருடக்கணக்கில் நின்று கெட்டவையும் வருகின்றன. தைவான் படகுகளில் டெக்கின் மேல் ஒட்டித் திருகிய தேக்குப் பலகைகளைக் கவனியுங்கள். ஆயிரக்கணக்கான திருகுகள், ஒவ்வொன்றும் டெக்கில் ஒரு துளை. அடியில் ஃபைபருக்கு நடுவே இருக்கும் மரக்கரு ஊறிப்போயிருக்கும். ஒரு சின்ன பிளாஸ்டிக் சுத்தியலால் டெக் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ‘டக்’ என்று கூர்மையாகக் கேட்கும், ஊறிய இடத்தில் சத்தம் செத்துப் போகும். அப்புறம் கீழே இறங்கி, உடலில் தண்ணீர் நுழையும் ஒவ்வொரு வால்வையும் கையால் திருகுங்கள். திரும்பாத வால்வு மாற்ற வேண்டிய வால்வு. அதன் பக்கத்திலேயே அந்தத் துளைக்குப் பொருந்தும் மரக்கட்டை ஒன்று கயிற்றில் கட்டித் தொங்கினால் முந்தைய உரிமையாளரைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைக்கலாம். பாய்கள், எஞ்சின் மணிநேரம், எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் இதற்குப் பின்னால்தான். அவற்றைப் பணம் கொடுத்து மாற்றலாம். படகின் வடிவத்தையும் கீலின் எடையையும் மாற்ற முடியாது. இந்த வரிசையில் தேறியதென்றால், தரகர் சிபாரிசு செய்பவரை விட்டுவிட்டு படகுகளைச் சோதித்து அறிக்கை தருகிற, நீங்களே தேடிப் பிடித்த ஒரு சர்வேயரை வைத்துப் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். டிசம்பர் கடைசியில் கிளம்ப வேண்டுமென்றால் அதற்கு முந்தைய ஏப்ரலுக்குள் வாங்கிவிடுங்கள். சங்கிலித்தட்டும் கம்பியும் மாற்றி, விண்ட்வேன் மாட்டி, அந்தமான் கடலில் இரண்டு மூன்று இரவு ஓட்டிப் பார்க்க அந்த எட்டு மாதம் சரியாக இருக்கும்.